இரண்டு புள்ளி வித்தியாசம்

ஆஸ்டின் டவுன் காந்தாவின் மேல் வெள்ளிக்கிழமைதோறும் இறங்கிய அம்மன், 2011 ஆடி மாதத்திலிருந்து குறி சொல்வதை விட்டுவிட்டுச் சர்க்கரை அளவு சொல்லத் தொடங்கினாள். அதுவரை வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் கொடுத்து, மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்று அனுப்பிவிடுவாள்; எங்களுக்கும் அது போதுமானதாக இருந்தது. தெருமுனையில் ரத்தப் பரிசோதனை லேப் திறந்து, காந்தாவின் மகன் நரேஷ் அங்கே ரத்தம் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தான். கூட்டம் குறைவதைப் பார்த்த அம்மன் எண்களுக்கு மாறினாள். "வெறும் வயித்துல நூத்தி எண்பத்தாறுடி, சோத்தைக் குறை" என்பாள். லேபில் போய்ப் பார்த்தால் அதே நூற்று எண்பத்தாறு. அடுகோடியிலிருந்தெல்லாம் ஆட்டோ பிடித்து வந்தார்கள். காந்தா பள்ளிக்கூடம் பெருக்குகிறவள். அம்மன் மலையேறியதும், தன் வாய் என்ன சொன்னது என்று அவளுக்கே தெரியாது.

கெட்டது எங்கே என்றால், அம்மன் சொன்னதை எல்லாரும் லேபில் சரிபார்த்தோமே ஒழிய, லேப் சொன்னதை ஒருத்தரும் அம்மனிடம் சரிபார்க்கவில்லை. நான்கு வருஷம் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை தையல்கடை ரகுராமுக்கு அம்மன் இருநூற்று நாற்பது என்றாள். லேப் இருநூற்று முப்பத்தெட்டு என்றது. "மெஷினு பொய் சொல்லுமா?" என்று ரகுராம் கேட்டதோடு சரி, அடுத்த வாரம் பாதிக் கூட்டத்தைக் காணோம். கொரோனா முடிந்தபோது, கேட்க ஆளில்லாமல் அம்மன் அரைமணி நேரம் ஆடிவிட்டு, நரேஷிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது. பாவம் என்று சொன்னோமே தவிர, நாங்களும் போகவில்லை.

போன மார்கழியில் அம்மன் நரேஷின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இவ வயித்துல கட்டி வளருதுடா. இந்த ஒரு வாட்டி நான் சொல்றதைக் கேளுடா." பயந்துபோன நரேஷ் மறுநாளே அம்மாவைச் சிவாஜிநகருக்கு அழைத்துப் போய் ஸ்கேன் எடுத்தான். ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. விஷயத்தைச் சொன்னதும் காந்தா சிரித்துவிட்டாள். "அம்மனுக்கும் வயசாயிடுச்சு போல. ரிப்போர்ட்ல போட்டிருக்காங்க இல்ல, சும்மா பயப்படாத கண்ணா." அடுத்த வெள்ளிக்கிழமையும் அம்மன் அதையே சொன்னாள். வாராவாரம் கெஞ்சினாள். ஒவ்வொரு வாட்டியும் நரேஷ் அந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டுவான். அம்மன் அதைப் பார்த்துப் பார்த்து அழுவாள். வைகாசியில் ஸ்கேனுக்கும் கட்டி தெரிந்தது. அதற்குள் ஈரல்வரை போயிருந்தது. ஆடி மூன்றாம் வெள்ளியன்று காந்தா இறந்தாள். "ரெண்டு பேர் சொன்னாங்க, நான் ஒருத்தரை நம்பிட்டேன்" என்று நரேஷ் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவன் இடத்தில் நாங்களும் அதைத்தான் நம்பியிருப்போம்.

இப்போது வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அம்மன் லேபிலேயே நரேஷின் மேல் இறங்குகிறாள். ஊசியைத் தட்டில் வைத்து, கையுறையைக் கழற்றிய பிறகுதான் அவன் ஆடுவான். டோக்கன் வாங்கியவர்கள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். "ஏதாவது கேளுங்கடி, யாராவது ஒண்ணு கேளுங்க" என்று காந்தாவின் குரலில் அம்மன் கெஞ்சுவாள். கேட்க யாரிடமும் ஒன்றும் இருக்காது.

போன வாரம் எதிர்வீட்டு லவினாவுக்கு மனசு கேட்கவில்லை. "ரிப்போர்ட் எப்போம்மா வரும்?" என்றாள்.

"சாயந்திரம் அஞ்சு மணிக்கு" என்றாள் அம்மன், முகமெல்லாம் மலர்ந்து.

ஐந்து மணிக்கு வந்தது.