பழி சயனைடு மேட்டுக்கு

தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனில் யாருக்கு எந்த நோய் வந்தாலும் பழி, தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டின் மேல்தான் விழும். நேசமணியின் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் தெரிந்ததும், அவள் கணவர் ஃப்ரெடி பழைய யூனியன் மேடையில் ஏறியவர்போல் தொண்டையைச் செருமினார்.

"மைன்ஸ் தூசிதான் டாக்டர்! மனு போட்டு நியாயம் கெடைச்சாத்தான் வைத்தியம்!"

"தூசி இல்லைங்க, வைரஸ்," என்றார் டாக்டர் மமதா. "அந்த எடத்துத் தோலோட அடியில பொறக்கிற செல்லு மேல வர வர முதிர்ந்து, பெருகுறதை நிறுத்தி, உதிர்ந்துடணும். இந்த வைரஸ் அதை முதிர விடாம பெருக வைக்குது. பெரும்பாலும் உடலுறவுலதான் தொத்தும். எத்தனையோ வருஷம் சத்தமில்லாம இருக்கும்."

ஃப்ரெடியின் மேடை சரிந்தது.

நேசமணிக்கு, கல்யாணமான புதிதில் குடியிருந்த மைசூர் மைன்ஸ் லைன் வீடு நினைவுக்கு வந்தது. ஷிஃப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து கேஜ் லிஃப்டில் மேலே வந்த மனுஷன், முகத்துச் சேற்றைக்கூடக் கழுவாமல் ஓடி வருவார். கதவைத் தாழிட்டதும் பக்கத்து வீட்டு ஈவ்லின் சுவரைத் தட்டிச் சிரிப்பாள். இத்தனை பயத்திலும் நேசமணிக்குச் சிரிப்பு வந்தது.

"இன்னாங்க, மனுவை யார் மேல போடப் போறீங்க?"

அவள் டாக்டரிடம் திரும்பினாள்.

"நாளைக்கே வர்றேன் டாக்டர். கெட்டுப்போன எடத்தை எடுத்துடுங்க."

"நானும் வர்றேன்," என்றார் ஃப்ரெடி, மைக் இல்லாத குரலில்.