உப்பு போடாத சாத்துக்குடி ஜூஸ்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. வேறு காரணம் சொன்னால் பொய். என் பெயர் லீமா. மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கும் கஸ்பாரின் பெண்டாட்டி. பத்திரிகைகளுக்கு மூன்று கதை அனுப்பி, மூன்றும் திரும்பி வந்தவள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘1976 கோடையில், உப்பு வாரும் நேரத்தில், கஸ்பார் நெஞ்சு அடைத்துக் கீழே…’

(அடித்துவிட்டேன். வரப்பில் தலை சுற்றி உட்கார்ந்தார், அவ்வளவுதான்.)

ஆனால் பாண்டிச்சேரி டாக்டர் பயந்துபோனார். பிரஷர் இருநூற்றுப் பத்து. “உப்பைக் குறைங்க, பழச்சாறு குடிங்க. இப்படியே போனா ஆள் தங்கமாட்டார்.” உப்பைக் குறைக்கிற வேலை எனக்கு வந்தது. பழச்சாறு, பஸ் ஸ்டாண்டில் ஜூஸ் கடை வைத்திருக்கும் சுலோசனாவுக்குப் போனது.

2

சுலோசனாவை எப்படி எழுதுவது? முதல் தடவை எழுதியபோது அவளுடைய முன்பல் இரண்டைப் பிடுங்கினேன். அடுத்த தடவை ஐம்பது வயது கொடுத்தேன். உண்மையில் அவளுக்கு முப்பத்திரண்டு. பல்லெல்லாம் வரிசையாக இருக்கிறது. இதை எழுத எனக்கு வயிறு எரிகிறது.

என் வேலையைப் பாருங்கள். முதல் நாள் கஸ்பார் மீன்குழம்புத் தட்டைத் தள்ளிவிட்டார். “இன்னா லீமா, லாரி லாரியா உப்பு அனுப்புறவன் வாயில ஒரு கல்லு வைக்கமாட்டியா?” பூண்டைக் கூட்டினேன், மிளகை வறுத்துப் போட்டேன். கருவாட்டை வீட்டுக்குள் விடவில்லை. எட்டு மாதம் நானும் அதையேதான் தின்றேன்.

அவள் வேலை, இரண்டு பழத்தை அறுத்துப் பிழிவது.

எட்டாவது மாதம் பிரஷர் நூற்று நாற்பது. “அப்படி என்ன பண்ணீங்க?” என்று டாக்டர் கேட்டார். இவர் சட்டென்று சொன்னார்: “டெய்லி சாத்துக்குடி ஜூஸ், டாக்டர். சுலோசனா கடையில.”

நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

3

(இது கட்டுரை மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

பழச்சாறு இதயத்துக்கு என்னதான் செய்கிறது? ஒரு வாரப் பத்திரிகையின் மருத்துவப் பகுதிக்கு எழுதிக் கேட்டேன். ‘ஒன்றும் செய்யாது’ என்று பதில் வர வேண்டி, அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். வந்த பதில்: ‘சாற்றில் பிரஷருக்கு ஏற்ற சத்து உண்டு. உப்பைக் குறைத்ததும் உதவியிருக்கும். இரண்டும் சேர்ந்தே குணம் தந்திருக்கும்.’

சேர்ந்து. அவளும் நானும் சேர்ந்து! பத்திரிகையை அடுப்பில் போட்டேன்.*

* பாதியில் எடுத்துவிட்டேன். பின்பக்கம் தொடர்கதை இருந்தது.

4

துப்புத் துலக்கக் கடைக்கே போனேன். நம் ஊரில் ஜூஸ் என்றால் ஒரு சிட்டிகை உப்பு விழாமல் இருக்காது. அந்த உப்புக்காகத்தான் இவர் ஓடுகிறார் என்றால், அவளைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். கதைக்கும் நல்ல திருப்பம்.

“எங்க வீட்டுக்காரருக்கு உப்பு போட்டுத்தானே குடுக்குற?”

“ஐயோ அண்ணி! எல்லாருக்கும் போடுவேன், அண்ணனுக்கு மட்டும் போடறதே இல்ல. மொத நாளே சொல்லிட்டாரு. ‘எனக்காவ லீமா உப்பில்லாம துன்னுது, இங்க வந்து நான் துன்னா நல்லாருக்காது. நானே கேட்டாலும் போடாதே’ன்னாரு. தம்ளர்கூட தனியா வச்சிருக்கேன், பாருங்க.”

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் வந்தது. ஆனால் இதை அவர் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அவளிடம் சொல்லியிருக்கிறார். அதோடு, அவருக்கு உப்பு போடாமல் இருப்பது என் வேலை. அதிலும் அவள் பங்குக்கு வந்துவிட்டாள்.

5

முடிவுகள்.

ஒன்று: சுலோசனா கடையை மூடிக்கொண்டு திண்டிவனம் போய்விடுகிறாள். (எழுதி முடித்தேன். மறுநாள் காலையில் கடை திறந்திருந்தது.)

இரண்டு: நான் மனம் திருந்தி, அவளைத் தங்கச்சி என்று… (முடியாது.)

மூன்று: ஒரு வாரம் குழம்பில் உப்பைப் போட்டுவிடுவது. தினமும் ஜூஸ் உள்ளே போயும் பிரஷர் ஏறும். இத்தனை நாள் அவரைக் காப்பாற்றியது எது என்று டாக்டருக்கும் அவருக்கும் அவளுக்கும் தெரிந்துவிடும். ஒரு வாரத்தில் ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்று எழுதினேன். அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

இப்போது குழம்பு கொதிக்கிறது. உப்பு ஜாடி திறந்திருக்கிறது. வாசலில் சைக்கிள் சத்தம். ஜூஸ் குடித்துவிட்டு வந்திருக்கிறார். “லீமா, பசிக்குது” என்கிறார்.

பேனாவை இங்கே வைக்கிறேன். இந்தாருங்கள், கரண்டி. அவர் உட்காருவதற்குள் குழம்பை நீங்கள் ருசி பாருங்கள். உப்பு இருந்தால், என்னை ஊற்ற விடாதீர்கள்.