நாலு விரல் இடைவெளி

அண்ணனின் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோதும் ருக்மனுக்கு வயிறு எரிந்தது. செத்துப்போன மனிதர் மேல் பொறாமைப்படுகிறவன் உலகத்திலேயே தான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

"வலது பக்கம் முதல்ல," என்றார் இமாம். அவன் குவளையை வலது காலுக்கு மாற்றினான்.

சுஹெர்மன் விடியற்காலையில் போய்விட்டார். மாரடைப்பு. வயது அறுபத்தொன்று. எட்டு மணிக்கெல்லாம் பாண்டுங் நகரத்துப் பேராசிரியர்களில் பாதிப் பேர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலி சொல்லும் மலர்ப்பலகைகள் சந்து முனைவரை நின்றன. இருப்பதிலேயே பெரியது புதிய ஒளியியல் ஆய்வு மையத்தினுடையது. 'எங்கள் அறிவியல் ஆலோசகர்' என்று முழ நீள எழுத்துகள். மையத்துக்கு மூன்றே ஆலோசகர்கள்தான். ஒருவர் ஜப்பான், ஒருவர் சிங்கப்பூர், மூன்றாமவர் சுஹெர்மன். ருக்மன் பாலிடெக்னிக்கில் நுண்ணோக்கி ரிப்பேர் பார்க்கிறவன். முப்பது வருஷமாக லென்ஸ் துடைத்துத் திருகாணி முடுக்குகிறவனிடம் யார் ஆலோசனை கேட்கப் போகிறார்கள்?

கஃபன் துணி சுற்றி முடித்ததும், மையத்தின் இயக்குநர் யாயத் அவனை ஓரமாக அழைத்துப்போனார்.

"பாக் ருக்மன்," என்று மரியாதையாக அழைத்தார், "குடும்பத்து சார்பா பேசுறது நீங்கதானே?"

"தம்பின்னு நான் ஒருத்தன்தானே இருக்கேன்."

"அந்தத் தரையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நாங்க அதை சுஹெர்மன் தரைன்னுதான் சொல்றோம். பக்கத்துலயே ரயில் பாதை. நுண்ணோக்கி வைக்கிற அறையில தரை சுவரைத் தொடாம தனியா நிக்கணும்னு முதல் கூட்டத்துலயே சொல்லிட்டாரு. ஜப்பான்காரர் எழுந்து வந்து கை குடுத்தாரு."

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பெருநாள் விருந்தில், தன் தட்டிலிருந்த சோற்றைச் சதுரமாகத் தட்டி, சுற்றிலும் விரலால் வழித்துவிட்டு, "இப்படி இருந்தா ரயில் போனா என்ன, யானை போனா என்ன?" என்று அண்ணனுக்குக் காட்டியவன் ருக்மன்தான். அண்ணன் கறியில் எலும்பைப் பிரித்துக்கொண்டே, "சாப்பிடுடா, ஆறுது," என்றார். மூன்றாம் மாதம் நாளிதழில் அண்ணன் படம் வந்தது. பக்கத்தில் தரையின் படமும் வந்தது.

"ஒரே ஒரு குறை," யாயத் குரலைத் தாழ்த்தினார். "சரக்கு ரயில் போறப்ப மட்டும் படம் லேசா ஆடுது. இந்த வாரம் வந்து பாக்குறேன்னு சொல்லியிருந்தாரு. இனிமே யாருகிட்டப் போய்க் கேக்குறது?"

"சுத்தி இடைவெளி விட்டீங்களா?"

"விட்டோமே. நாலு விரல். அதுல மணல் போட்டு நிரப்பச் சொன்னாரு, நிரப்பிட்டோம்."

மணல். ருக்மனுக்குள் ஒரு சந்தோஷம் குபீரென்று எழுந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம். காலியாக விட வேண்டிய இடம் அது. மணலைக் கொட்டினால் சுவரில் வரும் ஆட்டம் நேரே தரைக்குப் போய்விடும். யோசனையை எடுத்ததுதான் எடுத்தார், முழுசாகக் காதில் வாங்கிக்கொண்டு எடுத்திருக்கக் கூடாதா? ஆடட்டும், நன்றாக ஆடட்டும் என்று அவன் வாயை மூடிக்கொண்டான்.

பாடையைத் தூக்குவதற்கு முன் அவன் வாசலில் நின்று பேசினான். வழக்கமாக எல்லாச் சாவிலும் சொல்வதுதான்.

"எங்க அண்ணன் உங்கள்ல யாரு மனசையாவது நோகடிச்சிருந்தா மன்னிச்சிடுங்க."

"மன்னிச்சோம்," என்றது கூட்டம்.

"யாருக்காவது சேர வேண்டியதை அவரு வச்சிருந்தா, குடும்பத்துக்கிட்ட வந்து சொல்லுங்க. எங்கிட்ட வந்து..."

குரல் நின்றுவிட்டது. அழுகிறான் என்று நினைத்து யாரோ தோளைத் தட்டினார்கள். சேர வேண்டியதை வந்து சொல்ல வேண்டியவனும் அவன், குடும்பத்தின் சார்பில் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டியவனும் அவன். இந்தக் கணக்கு அங்கே யாருக்கும் தெரியாது.

"நல்ல மனுஷர்தானே?" என்று முறைப்படி கேட்டான்.

"நல்லவர்."

மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் பதில் வந்தது. கேட்டவன் மட்டும் பதில் சொல்லவில்லை, அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

மையவாடியில் அவன்தான் குழிக்குள் இறங்கினான். அண்ணனின் தலை முழங்கையில் கனத்தது. ஒரே ஒரு தடவை, ஒரு கூட்டத்தில், 'இது என் தம்பி சொன்னது' என்று சொல்லியிருந்தால் போதும். இரண்டு வருஷமாக அவன் அதற்காகத்தான் காத்திருந்தான். முகத்தைத் தொழுகைத் திசையான கிப்லாப் பக்கம் திருப்பி வைத்தபோது, இனிமேல் காத்திருக்க முடியாது என்பது அவனுக்கு உறைத்தது. உடல்மேல் மண் விழாமல் பலகைகளைச் சாய்த்து வைத்துவிட்டு மேலே ஏறினான்.

துஆ ஓதி முடிந்து கூட்டம் கலைந்தது. யாயத் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். ருக்மன் அவரிடம் போனான்.

"அந்த மணலை அள்ளிடுங்க."

"எந்த மணலை?"

"தரையைச் சுத்திப் போட்டிருக்கீங்களே, அதை. காலியா இருக்கணும். தூசி விழாம மேல மட்டும் ரப்பர் பட்டை போட்டு மூடுங்க."

"அண்ணன் சொன்னாரா?"

"நான் அண்ணன்கிட்ட சொன்னது. பாதிதான் காதுல வாங்கியிருக்காரு."

யாயத் செருப்பைத் தேடுவதை விட்டார். "அவரு இருக்கும்போதே என் பேரைச் சொல்லுங்கன்னு கேட்டிருக்கலாமே."

"கேட்டா குடுத்திருப்பாரு," என்றான் ருக்மன். "அதான் கேக்கல."

யாயத் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து நீட்டினார். ருக்மன் குந்தி உட்கார்ந்து, மண் ஒட்டிய கையால் வரைந்தான். சின்னச் சதுரம், அதைச் சுற்றிப் பெரிய சதுரம். நடுவே எதையும் வரையாமல் விட்டான்.

"கீழ யாரு பேரைப் போடுறது?" என்று கேட்டார் யாயத். "அவரு பேரா, உங்க பேரா?"

புது மண்மேட்டின் தலைமாட்டில் மரப்பலகை நட்டிருந்தார்கள். அண்ணன் பெயரில் பெயிண்ட் இன்னும் காயவில்லை.

"இன்னிக்குத் தேதியைப் போடுங்க," என்றான் ருக்மன்.

யாயத் தேதியை எழுதிவிட்டுத் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். அவன் வெகுநேரம் துடைத்தான். நகக்கண்ணில் இருந்த மண் மட்டும் போகவில்லை.