ஈயம் கடிக்கிற வாய்

மரியானின் வீச்சுவலைக்குத் தூத்துக்குடிக் கடற்கரையில் தனி மதிப்பு. வீசினால் குடைபோல விரிந்து, ஓரம் மொத்தமும் ஒரே சமயத்தில் தண்ணீரைத் தொடும். அந்தப் பெருமையில் பாதி அவன் பெண்சாதி பிளாரன்ஸின் பல்லுக்குச் சேரவேண்டியது. வலையோரக் கயிற்றில் ஈயத் துண்டை மடித்துவைத்து, நறுக்கென்று கடித்து இறுக்குவாள். குறட்டால் நசுக்கினால் நூல் அறுந்துபோகும், பல்லுக்குத்தான் பதம் தெரியும் என்பது அந்தத் தெருப் பெண்களின் தீர்மானம். அடுத்துக் கடிக்கவேண்டிய துண்டுகள் வெற்றிலை மாதிரிக் கன்னத்தில் ஒதுங்கிக் கிடக்கும். லேசாக இனிக்கவும் செய்யும், பாழாய்ப்போன ஈயம்!

பிளாரன்ஸுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. மாதாவுக்கு நேர்ந்தாயிற்று, மந்திரித்த எண்ணெயும் குடித்தாயிற்று. மூன்றாவது தங்கிய சமயத்தில் வயிற்றுவலி வந்து ஆளைச் சுருட்டிப் போட்டது. யுத்தகாலம். ஆஸ்பத்திரி டாக்டர் பட்டாளத்துக்குப் போயிருந்தார். நர்ஸ் அற்புதமணிதான் அவள் வாயைத் திறந்து பார்த்தாள். ஈறோரமாக நீலக்கோடு ஒன்று ஓடியிருந்தது.

"ஏளா, என்ன வேலை பாக்க நீ?"

பிளாரன்ஸ் சொன்னாள். நர்ஸின் முகம் மாறிவிட்டது.

"அச்சாபீசுல ஈய எழுத்துக் கோக்கிறவங்க வாயில இந்தக் கோட்டைப் பாத்திருக்கேன். அது விசம்ளா! ஒரே நாள்ல கொல்லாது. கொஞ்சங்கொஞ்சமா எலும்புக்குள்ள போயி உக்காந்துக்கிடும். வயித்துப் பிள்ளையையும் விடாது. இனிமே அதை வாயில வைக்காத. உள்ள இருக்கது லேசுல போவாது. இந்தப் பிள்ளை எப்பிடிப் பொறக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

வீட்டுக்கு நடக்கையில் பிளாரன்ஸுக்கு அதே நினைப்பு. அப்படியென்றால் அந்த இரண்டையும் நான்தானா? சேசுவே, என் பல்லாலேயா கடித்துத் தின்றேன்? யாரிடம் சொல்ல? உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? பிள்ளைதின்னி என்று பேர் வைத்துவிடுவார்களே! சொல்லக்கூடாது என்று முடிவு செய்தாள்.

"பல்லு ஆடுது, இனிமே கடிக்க முடியாது" என்றாள் புருஷனிடம்.

மரியான் சிரித்தான். "பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. உனக்குச் சொல்லு கொறையுதான்னு பாப்போம்."

ஆனால் வலை காத்திருக்குமா? பிளாரன்ஸின் தங்கை கிருபை பக்கத்துத் தெருவில் அப்போதுதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளே வந்து ஈயப் பையைத் தூக்கிக்கொண்டாள். "நீ சும்மா இரி எக்கா. நான் கடிச்சித் தாரேன்."

பிளாரன்ஸுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் எல்லாவற்றையும் சொல்லவேண்டும். 'இவள் வயிற்றில்தான் ஒன்றுமில்லையே, கொஞ்ச நாள்தானே, பேறுகாலம் முடியட்டும், சொல்லிவிடலாம்' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போய் மாதா முகத்தைப் பார்க்காமலே திரும்பிவந்தாள்.

பெண் பிள்ளை பிறந்தது. கோழிக்குஞ்சு கணக்காகச் சின்னது. ஆனாலும் அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பிளாரன்ஸ் விம்மி விம்மி அழுதாள். தெருவே வந்து எட்டிப் பார்த்தது. கிருபை வலை வேலையைப் போட்டபடி போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"எக்கா, எனக்கும் நாள் தள்ளிப் போயிருக்கு" என்று காதோடு சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்த வாயில், ஈறோரத்தில், அந்த நீலக்கோடு. கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. அப்படியே குனிந்து பிள்ளையை முத்தமிடப் போனாள்.

"துப்புளா!" பிளாரன்ஸ் போட்ட கூச்சலில் கூட்டம் அடங்கிப்போனது. பிள்ளையை வெடுக்கென்று இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "ஈயத்தைத் துப்பு! அதுதான் என் ரெண்டு பிள்ளையளையும் தின்னுச்சு. விசம்னு நர்ஸு சொன்னா. நாந்தான் சொல்லல."

கிருபை உள்ளங்கையில் துப்பினாள். பல் பதிந்த ஈயத் துண்டுகள். அவற்றைக் கொஞ்சநேரம் பார்த்தாள். மறு கை தானாக வயிற்றுக்குப் போனது.

"எப்ப சொன்னா எக்கா?"

"நீ பையைத் தூக்கிட்டுப் போனியே, அதுக்கு முன்னாடி."

கிருபை துண்டுகளை அக்காள் கட்டிலோரம் வைத்தாள். பிள்ளையைத் திரும்பிப் பார்க்காமல் எழுந்து போனாள்.