குட்டை ரகம்

அன்புச்செல்வி குட்டை. வேங்கிக்காலில் அந்தத் தெருவுக்கே தெரிந்த விஷயம்தான். பெண் பார்க்க வந்தவர்கள் மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கண்டுபிடித்தார்கள். காப்பியைக் குடித்துவிட்டு, "போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான்.

பாலாஜி அப்படித் தெரியவில்லை. வடக்கே ஒரு கோதுமை ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை. தனியாகப் பேசச் சொல்லி இருவரையும் மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். என்ன வேலை என்று அவள் கேட்டதும் மனுஷனுக்கு முகமே மலர்ந்துவிட்டது.

"நெட்டையா வளர்ற கோதுமை காத்தடிச்சா சாஞ்சுடுங்க. குட்டை ரகம்தான் நிக்கும். தாள்ல போற சத்து கதிருக்குப் போவும், மகசூல் ஜாஸ்தி. எனக்குக் குட்டைன்னா உசுருங்க."

அந்த வார்த்தையை அன்புச்செல்வியின் எதிரில் யாரும் இவ்வளவு ஆசையாகச் சொன்னதில்லை. பாவி, நம்பிவிட்டாள். நன்றாக நிமிர்ந்து நின்றுகொண்டு, "குட்டை மாதிரி மகசூலும் பரம்பரையா வருமா?" என்று கேட்டாள்.

"அது அவ்ளோ லேசுல வராதுங்க. மண்ணு, தண்ணி, வெயிலு எல்லாம் அதுல கை வைக்கும். உயரம் அப்படியில்ல, பெத்ததுங்க கிட்டேருந்து வந்துடும். ஒரே தாய் தகப்பனுக்கு வந்த செடிங்கள்லயே ஒண்ணு குட்டை, ஒண்ணு நெட்டை. வேண்டியதை வெச்சிக்கினு மத்ததைப் பிடுங்கிப் போட்டுடுவோம்."

"பாவமா இருக்காதா?"

"பழகிடுச்சுங்க" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். படியிறங்கி வருவதற்குள் வடக்கே குடித்தனமே போட்டுவிட்டாள்.

கூடத்தில் தங்கை ஆர்த்தி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். நெடுநெடுவென்று இருப்பாள். பாலாஜி அவளை மேலும் கீழும் பார்த்தான். தன் அம்மா ஜோதியம்மாளின் காதில் ஏதோ சொன்னான்.

ஜோதியம்மாள் தொண்டையைச் செருமினாள். "தப்பா நெனச்சிக்காதீங்க. பெரிய பொண்ணு உயரம் கம்மி. நாளைக்குப் பொறக்கறதும் அப்படித்தான் வரும்னு எம்புள்ள சொல்றான், படிச்சவன். சின்னவளைக் குடுங்களேன்."

"குட்டைன்னா உசுருன்னு சொன்னீங்களே!" அன்புச்செல்வியின் வாய் அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

பாலாஜி கொஞ்சமும் கூசவில்லை. "அது கோதுமைங்க."

அப்பா ராஜமாணிக்கம் பெரியவளைப் பார்த்தார், சின்னவளைப் பார்த்தார். வந்தவர்கள் அந்த வீட்டில் ஒரு பெண்ணைக் கேட்டது இதுதான் முதல் தடவை. விட மனசு வரவில்லை. "சரிங்க" என்றார்.

அம்மா தங்கம்மாள் இரண்டு பெண்களையும் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "சீக்கிரம் அந்தப் பட்டுப் பொடவையை அவளுக்குக் குடு. காத்துக்கினு இருக்காங்க."

ஆர்த்தி வேண்டாம் என்பாள் என்று அன்புச்செல்வி காத்திருந்தாள். ஆர்த்தி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடுப்பில் மடித்து மடித்து அன்புச்செல்வி செருகிக்கொண்டிருந்த புடவை, தங்கைக்கு மடிக்காமலே பாதம் வரை சரியாக வந்தது. கொசுவத்தைக் கீழே நீவி விட ஆள் வேண்டியிருந்தது.

"நீயே பிடி அன்பு" என்றாள் தங்கம்மாள். "உனக்குத்தான் குனியற வேலையில்ல."