விறகில் ஓடிய டாங்கிப்படை

யாழ்ப்பாணத்தாருக்கு ஓர் ஆள் செத்துப்போனால் மட்டும் போதாது. முப்பத்தோராம் நாள் அவரைப் பற்றி ஒரு புத்தகமும் வரவேண்டும். முன் அட்டையில் படம், உள்ளே தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். உயிரோடிருந்தபோது பெண்சாதியோடு ஒரு வார்த்தை நல்லதாகப் பேசாத மனிதர்கூட அந்த மலரில் கருணைக் கடலாகிவிடுவார். நினைவு மலரில் கெட்டவர் என்று எவரும் கிடையாது. அதற்கு அப்படியொரு சட்டம்.

இந்த மரியாதையை ஒரு ஜெர்மன்காரருக்குச் செய்யலாம் என்று ஜெயமலர் புறப்பட்டாள். அதுதான் வினையாகிப்போனது.

ஜெயமலர் கெல்சென்கிர்ச்சனில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் தாதி. வன்னியில் பிறந்தவள், போர் முடிந்து இரண்டு வருடம் கழித்து இந்த நாட்டுக்கு வந்தவள். அல்பேர்ட் வின்ட்லர் அவள் எட்டு வருடம் பார்த்த கிழவர். நிலக்கரிச் சுரங்கத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். தொண்ணூற்றேழு வயது. காலை ஏழரைக்கு அவள் போனால் குளிக்கவார்த்து, காலுறை மாட்டி, கோப்பி போட்டுக் கொடுத்து, அவர் இரண்டாவது கோப்பை கேட்கும்வரை பக்கத்தில் இருப்பாள். அடுத்த வீட்டுக்குக் குறித்த நேரம், டெர்மின், அதனால் பிந்தும். அலுவலகத்தில் ஏச்சும் விழும். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஏனென்றால் கிழவர் கதை சொல்வார். எப்போதும் ஒரே கதைதான். நாற்பத்தைந்தாம் ஆண்டு வசந்தத்தில், போர் தோற்றுப்போனது தெருநாய்க்கும் தெரிந்துவிட்ட பிறகு, பெர்லினில் யாரோ ஒருவன் மேசையில் இருந்தபடி ஒரு புதிய டாங்கிப் படையணிக்குப் பெயர் வைத்தான். பெயர் மட்டும் பெரிது. ஆளுக்கும் இரும்புக்கும் எங்கே போவது? பயிற்சிப் பள்ளிக்கூடத்தில் மாணவர் பழகுவதற்கு வைத்திருந்த தேய்ந்த டாங்கிகளை இழுத்து வந்தார்கள். பெற்றோல் கிடையாது. டாங்கியின் முதுகில் ஒரு கொதிகலனைப் பூட்டி, விறகை அதில் புகையவிட்டு, அந்த வாயுவில் ஓட்டினார்கள். கப்பல் இல்லாத மாலுமிகள், விமானம் இல்லாத விமானப்படைக் கிளார்க்குகள், மீசை அரும்பாத பதினேழு வயதுப் பிள்ளைகள் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் அள்ளி ஒன்பது நாளில் ஒரு படை.

"சண்டை பிடித்ததைவிட நாங்கள் விறகு கொத்தியதுதான் கூட" என்பார் அல்பேர்ட். "மேட்டில் ஏறாது. ஏறினால் நாங்கள் இறங்கித் தள்ளவேண்டும். டாங்கியைத் தள்ளிய படை உலகத்திலேயே எங்களுடையதுதான்."

ஜெயமலர் சிரிப்பாள். அந்த இடம்வரைக்கும் சிரிக்கலாம். அதற்குப் பிறகு கேயோர்க் வந்துவிடுவான்.

கேயோர்க் அவருடைய தெருக்காரன், ஒரே வகுப்பு, ஒரே டாங்கி. மூன்றாவது வாரம் அவன் படையை விட்டு ஓடி, படை தங்கியிருந்த ஊரின் கோடியில் இருந்த பழைய செங்கல் சூளைக்குள் ஒளிந்துகொண்டான். ஒளிந்த இடத்தை அல்பேர்ட்டுக்கு மட்டும் சொல்லியிருந்தான். அல்பேர்ட் இரண்டு நாள் களவாகப் பாண் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்றாம் நாள் போனபோது இராணுவப் பொலிஸார் முந்திவிட்டிருந்தார்கள். கழுத்தில் 'நான் கோழை' என்று எழுதிய பலகையோடு அவனைத் தேவாலய முற்றத்து மரத்தில் தூக்கினார்கள். பிரிட்டிஷ்காரர் அந்த ஊருக்குள் வர நான்கு நாள்தான் இருந்தது.

"யாரோ என் பின்னால் வந்திருக்கவேண்டும்" என்று சொல்லி அழுவார் கிழவர்.

"அதில் உங்கள் பிழை ஒன்றும் இல்லை, அல்பேர்ட்" என்று அவள் முதுகைத் தடவிக் கொடுப்பாள். எட்டு வருடத்தில் எத்தனை தரம் அந்த வசனத்தைச் சொன்னாள் என்று கணக்கில்லை.

அவளுக்கு அந்தக் கதை வெறும் கதை இல்லை. அவளுடைய தம்பி மதீசனுக்கும் பதினேழு வயதுதான். இரண்டாயிரத்து ஒன்பது மாசி மாதம், வன்னியில் இயக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளை போதாதென்று இரண்டாவதையும் பிடித்துக்கொண்டுபோன நாட்களில், தாய் ஒரு தண்ணீர்ப் பீப்பாயை நிலத்தில் புதைத்து அதற்குள் அவனை இருத்தி, மேலே தகரம் போட்டு மண் மூடி வைத்திருந்தாள். பதினொரு நாள் இருந்தான். பன்னிரண்டாம் நாள் இயக்கத்துப் பெடியள் நேரே வந்து, வேறெங்கும் தேடாமல், அந்தத் தகரத்தைத் தூக்கினார்கள். பத்து நாள் பயிற்சி. பிறகு போர்முனையின் மண் அணை. பிறகு செய்தியும் இல்லை, உடம்பும் இல்லை.

இதை அவள் தன் புருஷனுக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை. அல்பேர்ட்டுக்குச் சொன்னாள். சொல்லும்போது ஜெர்மன் பாஷை கைவிட்டுத் தமிழ் வந்துவிட்டது. "ஆரோ காட்டிக் குடுத்தது. ஆர் எண்டு இண்டைக்கும் தெரியாது. தெரிஞ்சால் ஏழு பிறப்புக்கும் மன்னிக்கமாட்டன்." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையே ஜெர்மனிலும் சொன்னாள். கிழவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார். தன் தம்பிக்காக அழ இந்த நாட்டில் ஒரு மனிதர் இருக்கிறார் என்று அன்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

மதீசன் இறந்த நாள் தெரியாததால் பிடித்துக்கொண்டுபோன நாளையே திவச நாளாக வைத்திருந்தார்கள். அடுத்த மாசியில் அல்பேர்ட், "அன்றைக்கு நான் ஒரு விளக்கு ஏற்றட்டுமா?" என்று கேட்டார். அவள் படத்தைக் கொண்டுபோய் அவருடைய மேசையில் வைத்தாள். நடுங்கும் கையால் அவர் திரி கொளுத்தினார். வருடா வருடம், ஏழு தரம். கடைசி விளக்கு இந்த மாசியில். பங்குனி பிறந்து ஒரு கிழமையில் நித்திரையிலேயே போய்விட்டார்.

மகள் வெரோனிக்கா ம்யூன்ஸ்டரில் இருந்து வந்து அடக்கத்தை இருபது நிமிடத்தில் முடித்தாள். ஜெயமலருக்கு அது ஆறவில்லை. இப்படியா ஒரு மனிதரை அனுப்புவது? கொலோனில் தமிழ் அச்சகம் வைத்திருக்கும் ஆரூரனுக்கு அன்றே போன் எடுத்தாள்.

"வெள்ளைக்காரருக்கு மலரோ அக்கா?" என்றான் ஆரூரன்.

"ஓம். இரண்டு பாஷையிலும் போடு. தேவாரத்துக்குப் பதிலாய் அவையின்ர பைபிள் சங்கீதம் ஒண்டு போடுவம்."

"படங்கள் அனுப்பிவிடுங்கோ. வரலாறும் எழுதித் தாங்கோ."

வரலாறு எழுதுவது அவளுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. எட்டு வருடமாகக் கேட்ட கதை. ஆனால் கேயோர்க்கின் படம் ஒன்று பக்கத்தில் வேண்டும் என்று மனம் கிடந்து அடித்தது. மலர் என்றால் உற்றார் உறவினர் படம் இல்லாமலா? வெரோனிக்காவிடம் கேட்டாள். அந்தப் பெண், "அதெல்லாம் வேண்டாம், ஜெயமலர். பழைய விஷயம். பூப் படம் ஒன்று போடுங்கள்" என்றாள்.

ஜெர்மன்காரருக்குப் போர்க் கதை என்றால் கூச்சம், அதனால் சொல்கிறாள் என்று ஜெயமலர் நினைத்தாள். நம்முடைய ஆட்கள் செத்த வீட்டு விஷயத்தில் வேண்டாம் என்பதை வேண்டாம் என்று எடுத்துக்கொள்வதில்லை. அது மரியாதைக்குச் சொல்லும் சொல் என்றே நினைப்பார்கள். கேயோர்க்கைத் தூக்கிய ஊரின் பெயர் அவளுக்குத் தெரியும். அந்த ஊர்த் தேவாலயத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். கேயோர்க் இறந்துபோன அல்பேர்ட் வின்ட்லரின் நண்பர், அவருடைய படம் ஏதும் இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள் என்று.

படம் வந்தது. முப்பத்தோராம் நாளுக்கு ஆறு நாள் இருக்கும்போது, தடித்த உறையில். காது விடைத்த பெடியன் ஒருவன், தொப்பி ஒரு பக்கம் சரிந்து, சிரிக்காமல் சிரிப்பதுபோல ஒரு முகம். அவள் அதைப் பார்த்துக்கொண்டே குசினியில் நின்றாள். பிறகுதான் பின்னால் இணைத்திருந்த தாள்களைக் கண்டாள். அந்த ஊரில் போருக்குப் பிறகு நடந்த விசாரணையின் பிரதி. தேவாலயச் செயலாளர் ஒரு சிறு குறிப்பும் வைத்திருந்தார். 'நண்பர் என்று எழுதியிருந்தீர்கள். இதை நீங்கள் அறிந்திருக்கவேண்டும் என்று நினைக்கிறோம்.'

ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தேழு. அல்பேர்ட் வின்ட்லர், வயது பத்தொன்பது, வாக்குமூலம். 'கேயோர்க் செங்கல் சூளையில் இருக்கிறான் என்று லெப்டினன்டுக்கு நானே போய்ச் சொன்னேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை. அவரும் அதற்கு முன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் என்னை டாங்கியிலிருந்து இறக்கிப் பின்தளத்து அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அதற்கு அடுத்த நாள் எங்கள் டாங்கி எரிந்தது. உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்தார்கள்.'

கீழே கையெழுத்து. அது யாருடையது என்று அவளுக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. பராமரிப்புத் தாள்களில் வாராவாரம் அவள் பார்த்த கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் நீண்டு வளைந்து திரும்பும். அப்போது நடுங்காமல் போட்டிருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜெயமலர் அன்று வேலைக்குப் போகவில்லை. ரயில் எடுத்து நேரே ம்யூன்ஸ்டருக்குப் போனாள். வெரோனிக்கா கதவைத் திறந்து, அவள் கையில் இருந்த உறையைப் பார்த்தாள். என்ன என்று கேட்கவில்லை. அந்தக் கேளாமையிலேயே ஜெயமலருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"உங்களுக்குத் தெரியும்."

"அம்மா சாகும்போது சொன்னார்." வெரோனிக்கா உட்காரச் சொன்னாள். ஜெயமலர் உட்காரவில்லை. "அப்பாவுக்கு அப்போது பதினேழு வயது. பயந்திருப்பார்."

"பதினேழு வயதில் பயந்தால் எனக்கு விளங்கும். நானும் ஒரு போருக்குள்ளே இருந்தவள். தொண்ணூறு வயதில் என்ன பயம்?"

வெரோனிக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல பெண்தான். பொய் சொல்லத் தெரியாதவள். அதனால் கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். "உங்கள் தம்பியின் கதையை நீங்கள் சொன்ன அன்று பின்னேரம் அப்பா எனக்கு டெலிபோன் எடுத்தார். அழுதார். அவளிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்று சொன்னேன்."

"ஏன்?"

"சொன்னால் நீங்கள் வரமாட்டீர்கள் என்று பயந்தேன். உங்களைப் போல ஒருவர் எங்கே கிடைப்பார், ஜெயமலர்? உங்களுக்கு முன் ஆறு தாதிகள் மாறியிருந்தார்கள். அப்பா உங்களோடு சந்தோஷமாக இருந்தார்."

ஜெயமலர் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். அவள் ஏழு பிறப்புக்கும் மன்னிக்கமாட்டேன் என்று சொன்னது கேட்டுத்தான் எடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் அந்த மனிதர் கையை நீட்டி விளக்குக் கேட்டிருக்கிறார்.

"என்ர தம்பியின்ர படத்துக்கு அவரை விளக்கேத்த விட்டனான்" என்றாள். தமிழில் சொன்னது அவளுக்கே தெரியவில்லை. வெரோனிக்கா விளங்காமல் பார்த்தாள். ஜெயமலர் அதை ஜெர்மனில் திருப்பிச் சொல்லவில்லை. இனி இந்த வீட்டுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை.

ரயிலில் திரும்பும்போது கோபம் அடங்கி அழுகை வந்தது. எதிரே இருந்த ஒரு பெண் கைக்குட்டை நீட்டினாள். ஒருநாள், ஒரே ஒருநாள் கோப்பிக்குப் பிறகு சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தாள். கத்தியிருப்பாள். கோப்பையைப் போட்டு உடைத்திருப்பாள். ஒரு கிழமை போகாமல் இருந்திருப்பாள். பிறகு, காலுறை மாட்ட ஆள் இல்லையே என்று போயிருப்பாள். அவளுக்கு அவளைத் தெரியும். காட்டிக்கொடுத்த ஒருவன் வாய் திறந்து ஏன் செய்தேன் என்று சொல்வதைக் கேட்க அவளுடைய தாய் சாகும்வரை காத்திருந்தாள். தாய்க்குக் கிடைக்காதது எட்டு வருடம் இவள் முன்னால் இருந்து கோப்பி குடித்திருக்கிறது.

கெல்சென்கிர்ச்சன் ஸ்டேஷனில் இறங்கி நின்று ஆரூரனுக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, மலர் அடிச்சிட்டியோ?"

"நாளைக்குத்தான் அக்கா மெஷினிலை ஏத்தப் போறன். அந்தப் பெடியன்ர படம் வந்திட்டுதோ? இரண்டாம் பக்கத்திலை இடம் விட்டு வைச்சிருக்கிறன்."

"வந்திட்டுது. அதை அட்டையிலை போடு."

"அட்டையிலை அல்பேர்ட் ஐயா எல்லோ?"

"அவரை எடுத்துவிடு. மலர் கேயோர்க்குக்கு. பிறந்த தேதி, தாய் தேப்பன் பேர், தூக்கின நாள், எல்லாம் இதிலை இருக்கு. வரலாறு இரவைக்குப் புதுசாய் எழுதி அனுப்புறன். முப்பத்தோராம் நாளும் இல்லை, ஒண்டும் இல்லை. அந்த ஊர்த் தேவாலயத்துக்கு அனுப்பப் போறன்."

ஆரூரன் குழம்பிப்போனான். "சரி அக்கா. அப்ப அல்பேர்ட் ஐயான்ர பேர் ஒரிடமும் வரவேண்டாமோ?"

"வரவேணும். கடைசிப் பக்கத்திலை, நன்றி நவிலல் போடுற இடத்திலை. எழுதிக்கொள். 'இவரைக் காட்டிக் கொடுத்தவர், இவரது நண்பர் அல்பேர்ட் வின்ட்லர்.'"

மறுமுனையில் அச்சு இயந்திரம் நின்றது. பிறகு ஆரூரன் மெல்லச் சொன்னான். "அக்கா, குறை நினையாதேங்கோ. நான் இருபது வரியமாய் மலர் அடிக்கிறன். மலரிலை இப்பிடி ஒருத்தரும் போடுறேல்லை."

"தெரியும் தம்பி" என்றாள் ஜெயமலர். "என்ர தம்பி மதீசனுக்கு அம்மா ஒரு மலர் அடிப்பிக்க நினைச்சவ. உந்த ஒரு வரிக்கு ஆரின்ர பேரைப் போடுறதெண்டு தெரியாமல் அடியாமலே செத்துப்போனா. இந்தப் பெடியனைக் காட்டிக் குடுத்தவன்ர பேர் தெரியும். போடு."