தூசிப் பள்ளம்

மில்லி சாருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. எந்த அளவுப் பிசகைக் கொண்டுபோய்க் காட்டினாலும் "ஒரு மில்லிதானே, தள்ளிவிடும்மா" என்பார். முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் மில்லி சார். டயர் கடைக்கு மேல் இரண்டாவது மாடியில் அவருடைய பட்டறை. பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காய் அச்சிடும் எந்திரங்கள் மூன்று, கணினி இரண்டு, சன்னல் ஒன்று. அந்தச் சன்னலும் திறக்காது. எவனோ எங்கோ செய்த கருவிக்கு இங்கே கையும் காலும் வைப்பார்கள். மீட்டர் கணக்கெடுக்கும் கருவிக்கு மழை மூடி, அட்டை தேய்க்கும் கருவிக்குத் தாங்கி. வரைவது எல்லாம் அங்கே வேலை பார்க்கும் அவள்தான்.

வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. அக்கா பத்தாவதோடு நின்றதால்தான் அவளால் பதினாறு வருடம் படிக்க முடிந்தது. இதை அக்கா ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருக்கலாம்.

அக்காவுக்குப் பெரிய கிடங்கு ஒன்றில் வேலை. அலமாரி அலமாரியாக நடந்து, ஒவ்வொரு பெட்டியின் மேலும் கை ஸ்கேனரைக் காட்டி 'பீப்' வாங்க வேண்டும். நாளெல்லாம் பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் வீங்கிவிடும். அந்தக் கிடங்கிலிருந்தே ஆர்டர் வந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்கேனரை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு தாங்கி வேண்டுமாம். அன்று சாயங்காலமே அக்காவின் வலது கையைப் பாயில் விரித்து வைத்து, வெர்னியர் அளவுகோலால் இடம் இடமாக அளந்தாள். கூச்சத்தில் நெளிந்த அக்கா, வளையல் கடைக்காரன்கூட இவ்வளவு நேரம் கையைப் பிடித்ததில்லை என்று சிரித்தாள்.

வரைபடம் முடியும் நேரத்தில் கிடங்கு மேற்பார்வையாளர் ஒரு நிபந்தனையோடு வந்தார். ஷிப்ட் நடுவில் தாங்கி கழலக் கூடாது. சார்ஜ் போடும் மேடையில் கையை வைத்தால், கீழிருந்து ஒரு குச்சி எழும்பிக் கொக்கியைத் தள்ளும். அப்போது மட்டும் திறக்க வேண்டும். பெண்கள் ஸ்கேனரை அலமாரியில் வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்விடுகிறார்களாம். கையோடு போனால் எத்தனை நிமிடம் எங்கே நின்றார்கள் என்று துல்லியமாகத் தெரியுமாம்.

அவர் போனதும் அவள் நேராகச் சொல்லிவிட்டாள். "சார், இதுக்குப் பேரு விலங்கு."

"விலங்குக்குச் சாவி போலீஸ்கிட்ட இருக்கும்மா. இதுக்கு மேடையிலேயே இருக்கு," என்றார் மில்லி சார். கிண்டலாகச் சொல்லவில்லை. அதற்குப் பெயர் வேறு என்று மெய்யாகவே நம்பினார். ஆள் கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது கிளம்பியிருப்பாள். அவள் வரையாவிட்டால் மூன்று தெரு தள்ளி இன்னொருவன் வரைவான். அக்காவின் மணிக்கட்டு எத்தனை அகலம் என்றுகூட அவன் கேட்க மாட்டான்.

அதனால் வரைந்தாள். வரைந்ததில் ஒரு திருட்டு வேலையும் செய்தாள். தாங்கியின் அடிப்பக்கம், கொக்கிக்கு நேர் கீழே, மெல்லிய பள்ளம் ஒன்று. கட்டைவிரல் நகத்தை அதில் விட்டு நெம்பினால் கொக்கி சத்தமில்லாமல் விலகும். பெட்டி கிழித்துக் கிழித்து மழுங்கிப்போன நகம் நுழைய வேண்டுமே என்று, அக்கா தூங்கும்போது அவள் நகத்தின் தடிப்பைக்கூட அளந்து வைத்திருந்தாள். வரைபடத்தில் அம்புக்குறி போட்டு 'தூசி வெளியேறும் பள்ளம்' என்று எழுதினாள். மில்லி சார் பார்த்துவிட்டு, படித்த பிள்ளை என்றால் இதுதான் என்று மெச்சினார்.

அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. அக்கா வாயில் பொய் நிற்காது. சிறுவயதில் இவள் உடைத்த கண்ணாடிக்கு, அம்மா கேட்பதற்கு முன்பே வாசலுக்குப் போய் "இவதான் உடைச்சா, ஆனா அடிக்காதீங்க" என்று சொன்ன ஜன்மம். தாங்கியைக் கையில் மாட்டினால் நாலு நாளில் விரல் தானாகப் பள்ளத்தைக் கண்டுபிடிக்கும், ஒருத்தி கண்டுபிடித்தால் பத்துப் பேருக்கும் பரவிவிடும் என்று விட்டுவிட்டாள்.

சோதனைக்குப் பத்துத் தாங்கிகள் போயின. அக்கா உட்படப் பத்துப் பெண்கள் மாட்டிக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள், மதியச் சாப்பாட்டு டப்பாவை மூடும் நேரத்தில், படியில் காலடிச் சத்தம். மேற்பார்வையாளர் முன்னால் வந்தார். பின்னால் அக்கா, வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு. மேடையில் எத்தனை முறை வைத்தும் திறக்கவில்லை, செய்தவர்களே திறக்கட்டும் என்று கிடங்கு வண்டியில் அழைத்து வந்திருந்தார். விரல்கள் வீங்கி நிறம் மாறியிருந்தன. ஸ்கேனர் மட்டும் கவலையில்லாமல் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அவள் வெட்டுக் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு அக்காவின் முன்னால் உட்கார்ந்தாள். தாங்கியைத் திருப்பினாள். பள்ளத்தைக் காணவில்லை. இருந்த இடத்தில் கண்ணாடி போலப் பசை உறைந்திருந்தது. வழிந்து கொக்கிக்குள்ளும் இறங்கியிருந்தது.

"யாருக்கா இதுல பசை வெச்சது?" உதடு அசையாமல் கேட்டாள்.

அக்கா பின்னால் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். மில்லி சாரும் மேற்பார்வையாளரும் எந்திரத்தருகே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சத்தம் போடாதடி. அதுல ஒரு ஓட்டை இருந்துச்சு. நகம் பட்டாலே திறந்துக்குது. அவங்க பாத்தா உன் தலைதானே உருளும்? பொண்ணு சரியா செய்யலன்னு பேராயிடும். செருப்பு ஒட்டுற பசை பையில இருந்துச்சு, வெச்சு அடைச்சுட்டேன்."

"உன்னோடதுல மட்டுமா?"

"பத்துலயும்," என்றாள் அக்கா. குரலில் சின்னப் பெருமை. "ஒவ்வொருத்தியையா உக்கார வெச்சு, ஒரு சொட்டு ஒரு சொட்டா. மத்ததெல்லாம் மேடையில நல்லாத்தான் திறக்குது. கடைசியா எனக்கு வைக்கும்போதுதான் பீச்சிடுச்சு."

அவள் குறட்டின் பிடியை அழுத்தினாள். அக்காவுக்காக அவளே தேர்ந்தெடுத்த கெட்டி நைலான், லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. நாலாவது அழுத்தில் உடைந்து, தோலில் ஒரு கோடு கிழித்துவிட்டு விழுந்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். கத்த வேண்டும் போலிருந்தது அவளுக்கு. யாரைப் பார்த்துக் கத்துவது?

"அது ஓட்டை இல்லக்கா," என்றாள், ரத்தத்தைத் துடைக்கும் சாக்கில் குனிந்து. "உனக்காக வெச்ச கதவு."

அக்காவுக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேற்பார்வையாளர் வந்து உடைந்த துண்டைப் பொறுக்கி எடுத்தார். ஒன்றுக்கு இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். பள்ளம் மூடியிருந்தால் கொக்கி ஆடாமல் நிற்கிறதே, இனி இப்படி மூடியே செய்தால் என்ன என்றார். யார் வைத்தது என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"அந்தப் பள்ளம் தூசிக்குத்தானேம்மா?" என்றார் மில்லி சார்.

"தூசிக்குத்தான் சார்."

"தூசி இருந்துட்டுப் போகுது. மூடிடு."

கணினி முன் உட்கார்ந்தாள். பள்ளத்தைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். சில சமயம் ஒரு கோட்டை அழித்தால் மொத்த உருவமும் குழம்பிச் சிவப்பெழுத்தில் ஏசும். இன்று அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்த இடம் வழவழவென்று மூடிக்கொண்டது, அங்கே எதுவுமே இருந்ததில்லை என்பது போல.

வந்த கையோடு இன்னொன்றும் வேண்டும் என்றார் மேற்பார்வையாளர். இடது கைக்கும் ஒரு வடிவம். வலது கை புண்ணானவர்கள் நாளை வேலைக்கு எதை மாட்டுவார்கள்? ஆள்தான் இங்கேயே இருக்கிறதே, அளந்துவிடுங்கள்.

அக்கா சொல்லாமலே இடது கையை மேசைமேல் நீட்டினாள். விரித்த கை, அன்று பாயில் வைத்தது போலவே.

வெர்னியரை எடுத்தவள் கொஞ்ச நேரம் அதைத் திறந்து மூடினாள். பிறகு அக்காவின் காதருகே குனிந்தாள். இந்த முறை சொல்லிவிட்டுத்தான் செய்வது.

"விரல மடக்கிக்கோ. நல்லா இறுக்கி. மணிக்கட்டு பெருசாத் தெரியணும்."

அக்கா மடக்கினாள். நரம்பு புடைக்க மடக்கினாள். அன்று வலது கைக்கு வந்ததைவிட மூன்று மில்லி கூடுதல். கை வெளியே வரப் போதாது. ரத்தம் ஓடப் போதும்.

"எதுக்கு முஷ்டி பிடிச்சிட்டு இருக்க? கையை நீட்டு," என்றார் மேற்பார்வையாளர்.

அக்கா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பயத்துல மடங்கிடுச்சு சார். நீட்ட வரல."

அவள் அந்த அளவையே எழுதிக்கொண்டாள்.